கேஸ் புக்கில் இருபது பிரசவம், கையில் எத்தனை?

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நர்சிங் பாடக்குழுவினருக்கும், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நர்சிங் கல்லூரி நடத்தும் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

அணைக்கட்டு வட்டாரத்தில், மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம். உங்கள் பல்கலைக்கழகத்தில்தான் பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். நான்கு வருடப் படிப்பு முடிந்து கவுன்சிலில் பதிவு செய்ததும் கைக்கு வந்த சான்றிதழில் இரண்டு தகுதி இருந்தது: பதிவுபெற்ற செவிலியர், பதிவுபெற்ற மருத்துவச்சி. அப்பா அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, "நர்ஸுக்குத்தானே படிச்சே, மருத்துவச்சின்னு எதுக்குப் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது வேறு அர்த்தத்தில். பத்து வருடத்துக்கு மேலாகிறது, அதே கேள்வியை நான் என் அர்த்தத்தில் உங்களிடம் கேட்கிறேன்.

அப்பாவின் அர்த்தத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மருத்துவச்சி என்றால் முடிதிருத்தும் குடும்பத்துப் பெண். பிரசவம் பார்க்க அவர் வேண்டும், பார்த்து முடித்ததும் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். கூலியாக நெல்லு, பழைய புடவை. ரத்தமும் நஞ்சுக்கொடியும் தொட்ட கை என்பதால் தீட்டு. அந்தத் தீட்டு இன்றைக்கும் அந்தச் சொல்லை விட்டுப் போகவில்லை. எங்கள் வகுப்பில் எதிர்காலத்தில் என்னவாக வேண்டும் என்று மேடம் கேட்டபோது ஐ.சி.யு. என்றார்கள், டயாலிசிஸ் என்றார்கள், லண்டன் என்றார்கள். மிட்வைஃப் என்று ஒருத்தி கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சட்டமோ இரண்டையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறது. தமிழ்நாடு நர்ஸுகள், மிட்வைஃப்கள் சட்டம் 1926ஆம் வருடத்தது. 2023இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த தேசிய ஆணையச் சட்டத்தின் பெயரிலும் நர்சிங்கும் மிட்வைஃபரியும் ஜோடியாகத்தான் வருகின்றன. இந்த வேலூரில் உட்கார்ந்து இதைப் பற்றி எழுதுகிற யாரும் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரைத் தொடாமல் தாண்ட முடியாது, நானும் தாண்டவில்லை. திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டினார்கள், மூன்று பெண்களும் பிரசவத்தில் இறந்துபோனார்கள், அதைப் பார்த்துத்தான் அவர் டாக்டருக்குப் படிக்கப் போனார் என்பது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அவர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடத்தில் 1909இல் நர்சிங் பள்ளி வந்தது. 1946இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாகவும் ஆனது. இந்த நாட்டில் நர்சிங்குக்குப் பட்டம் கொடுக்கத் தொடங்கிய முதல் இடங்களில் ஒன்று நம் ஊர். பிரசவத்தில் தொடங்கிய கதைதான் முழுக்க. அப்படிப்பட்ட ஊரில் நான் எப்படி மருத்துவச்சி ஆனேன் என்பதை இனிமேல் சொல்கிறேன்.

எங்கள் காலத்துப் பாடத்திட்டப்படி இருபது சாதாரணப் பிரசவம் நாங்களே பார்த்திருக்க வேண்டும். கர்ப்பிணிப் பரிசோதனை முப்பது, பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு இருபது, எபிசியாட்டமி (குழந்தை வரும் வழியைக் கொஞ்சம் வெட்டிவிடுவது) போட்டுத் தைப்பது ஐந்து. ஒவ்வொன்றுக்கும் கேஸ் புக்கில் ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. எங்கள் கல்லூரிக்கு (பெயர் வேண்டாம்) சொந்த மருத்துவமனை இருந்தது, அங்கே லேபர் ரூமும் இருந்தது, ஆனால் வருவதில் பாதிக்கு மேல் சிசேரியனுக்குப் போய்விடும். அதனால் வெளியே ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், ஏ.என்.எம். (துணைச் செவிலியர்) படிக்கும் பிள்ளைகள், ஹவுஸ் சர்ஜன்கள். ஒரு மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர் நிற்போம். மேலே படுத்திருக்கும் பெண் இருபது வயது கூட ஆகாதவள். பதினான்கு முகமூடிகளைப் பார்த்து எதை நினைத்திருப்பாள்?

என் பதினோராவது பிரசவம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தலை தெரிந்தது. சீனியர் சிஸ்டர் என் கையைப் பிடித்துக் குழந்தையின் தலைமேல் வைத்தார், மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார். "ம், தொட்டாச்சு, அடுத்த பொண்ணு வா" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அன்றைக்கு வார்டில் ஒன்பது பேர் வலியில் இருந்தார்கள், எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்குச் சம்பளமும் கிடையாது. அந்த மூன்று விநாடி என் கேஸ் புக்கில் ஒரு பக்கமாக இருக்கிறது: வலி தொடங்கிய நேரம், பனிக்குடம் உடைந்த நேரம், தலை இறங்கிய விதம், நஞ்சு வந்த நேரம், ரத்தப்போக்கு எத்தனை மில்லி. எல்லாம் கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதியது. அழகான கையெழுத்து. வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் பாராட்டினார்கள்.

இது என் கல்லூரி மட்டும் செய்த தப்பு என்றால் இந்த மடலுக்கே வேலையில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய எண். அதே ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் மட்டும் 63.8. ஆக, ஒரு பக்கம் கத்தி படாமல் பிறக்கும் குழந்தைகள் குறைகின்றன, இன்னொரு பக்கம் அந்தப் பிரசவங்களுக்குக் கேஸ் புக்கோடு காத்திருக்கும் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள். பாடத்திட்டத்தில் எண்ணை இருபது என்று போட்டாலும் பத்து என்று போட்டாலும், மேசையைச் சுற்றி நிற்கிற கூட்டம் குறையாமல் அது தாளில்தான் நிறையும்.

அதன் விலை எப்போது தெரியும் என்று சொல்கிறேன். இங்கே வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம். நைட் டூட்டி. டாக்டர் கூப்பிடு தூரத்தில், நானும் மருத்துவமனைப் பணியாளர் அக்கா ஒருத்தரும்தான். மலையிலிருந்து ஜீப்பில் ஒரு பெண்ணை இறக்கினார்கள், நாலாவது பிள்ளை. மேசையில் ஏறிய இருபது நிமிடத்தில் குழந்தை வந்துவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிடோசின் பத்து யூனிட் தொடையில் போட்டேன். நஞ்சு முழுசாக வந்தது, திருப்பிப் பார்த்தேன், அதில் ஒரு துண்டு கூட உள்ளே விட்டுப்போகவில்லை. குழந்தை அழுகிறது, அம்மா சிரிக்கிறாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று மேசையை விட்டு நகர்ந்து ரெக்கார்டு எழுத உட்கார்ந்தேன்.

பணியாளர் அக்காதான் பின்னாலிருந்து சொன்னார்: "சிஸ்டர், இங்க வந்து வயித்தத் தொட்டுப் பாரு. மாவு மாதிரி கீது."

தொட்டேன். கருப்பை கல் மாதிரி உருண்டு நிற்க வேண்டிய இடத்தில் பிசைந்து வைத்த மைதா மாவு. கீழே விரிப்பு நனைந்து, மெக்கின்டாஷ் ரப்பர் விரிப்பு வழியாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அக்கா எட்டாவது வரை படித்தவர். அவரே என் கையை எடுத்து, தொப்புளுக்குக் கீழே வைத்து, எப்படி அழுத்தித் தேய்ப்பது என்று காட்டினார். டாக்டர் வந்தார், டிரிப் ஏற்றினோம், 108 வந்தது, அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜுக்கு நானும் கூடவே போனேன். வழி நெடுக வண்டிக்குள் ஒரு கை அவள் வயிற்றில்தான். அந்தப் பெண் பிழைத்தாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்குக்குக் காரணங்கள் நான்கு, முதல் காரணம் கருப்பை சுருங்காமல் தளர்ந்துபோவது, அதிகப் பிள்ளை பெற்றவர்களுக்கு அதற்கு வாய்ப்பு அதிகம். இதையெல்லாம் பரீட்சையில் எழுதியவள்தான் நான், பத்துக்கு எட்டு மார்க். ஆனால் குழந்தை பிறந்து முதல் இரண்டு மணி நேரம் ஒரு பெண் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்ததே இல்லை. கையெழுத்து வாங்கினதும் அடுத்த மேசைக்கு ஓடத்தான் கற்றுக்கொண்டேன். சுருங்கிய கருப்பை எப்படி இருக்கும், தளர்ந்தது எப்படி இருக்கும் என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். கை அறிய நேரம் வேண்டும்.

இன்னொரு கேஸைச் சொல்ல வேண்டும். இது என் கேஸ் புக்கில் இல்லை.

நான்காம் வருடம் படிக்கும்போது குடியாத்தத்தில் எங்கள் எதிர்வீட்டு அக்கா தலைப்பிள்ளை உண்டாகியிருந்தார். பீடி சுற்றுகிறவர். மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் வீட்டுக்கு வருவேன், வரும்போதெல்லாம் என் பி.பி. கருவியைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்ள அவர் கைதான் கிடைக்கும். ஏழாம் மாத வளைகாப்புக்கு நானும் வளையல் அடுக்கினேன். இரண்டு-ஆறு அளவுக் கண்ணாடி வளையல், போட்டதும் முழங்கை வரை ஓடி இறங்கியது, எல்லோரும் சிரித்தோம். மூன்று வாரம் கழித்துப் போனேன். அவர் தட்டு மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். வளையல் ஓடவில்லை. மணிக்கட்டில் பதிந்து, பக்கத்தில் கோடு விழுந்திருந்தது. "என்னக்கா, வெயிட் போட்டுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கருவியைக் கட்டினேன். 150க்கு 100. மறுபடி கட்டினேன், அதேதான். தலைவலி இருக்கா என்றால், "பீடி இலை வாசனைக்கு எப்பவும் இருக்கறதுதானே" என்றார். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம், ரத்த அழுத்தத்தோடு சேர்ந்தால் கர்ப்பிணிக்கு ஆபத்து. வேலூருக்கு அனுப்பிச் சேர்த்தார்கள், முப்பத்தேழாவது வாரம் வலி வரவைத்துப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை, இரண்டு கிலோ முந்நூறு. நாற்பதாவது நாள் வரை நானும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் கட்டியதை, தையல் பிரிந்ததை, மாமியார் தண்ணீர் குடிக்க விடாததை, சும்மா சும்மா அழுததை.

அந்த மணிக்கட்டை அன்றைக்கு முதல் தடவையாகப் பார்க்கிற ஆளுக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. பூசின உடம்பு என்று போயிருப்பார்கள். மூன்று வாரம் முன்னால் அதே கையில் வளையல் ஓடியதைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். நான்கு வருடத்தில் மருத்துவச்சி வேலை என்று நான் கற்றது அந்த ஒரு பெண்ணிடம், கல்லூரிக்குத் தெரியாமல்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மாணவிக்கும் மூன்று கர்ப்பிணிகளைக் கொடுங்கள். பதிவு செய்கிற மூன்றாம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஊசி போடுகிற வரைக்கும் அதே மாணவி, அதே பெண்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. ஆஸ்திரேலியாவில் நர்சிங்கும் மிட்வைஃபரியும் சேர்ந்த இரட்டைப் பட்டம் நான்கு வருடப் படிப்பாகப் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. மிட்வைஃப் ஆகப்போகிற மாணவி அங்கே முப்பது பெண்களுக்குப் பிரசவ நேரத்தில் முதல் ஆளாக நின்று கவனித்திருக்க வேண்டும் என்பதோடு, பத்துப் பெண்களைக் கர்ப்பகாலம் முதல் பிரசவத்துக்குப் பின்பு வரை தொடர்ந்து பார்த்திருக்கவும் வேண்டும். இங்கே உள்ள நெரிசலுக்குப் பத்து நடக்காது. மூன்று நடக்கும்.

பாடத்திட்டத்தை டெல்லியில் வகுக்கிறார்கள், எங்களால் என்ன செய்ய முடியும் என்று சொல்வீர்கள். தெரியும். ஆனால் யாரை எந்த வாரம் எங்கே போஸ்டிங் போடுவது என்பது டெல்லியில் தீர்மானிக்கப்படுவதில்லை. 2021இல் வந்த செமஸ்டர் முறையைப் பாருங்கள். மிட்வைஃபரி ஆறாவது செமஸ்டரிலும் ஏழாவதிலும் வருகிறது. ஏழாவதில் சமுதாய நலமும் கூடவே இருக்கிறது. இரண்டு செமஸ்டர் என்றால் ஒரு வருடம். ஆறாவது தொடங்கும்போது மூன்று மாதக் கர்ப்பிணி ஒருத்தரைக் கொடுத்தால் ஏழாவது முடிவதற்குள் குழந்தை பிறந்து ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளும் போட்டு முடிந்திருக்கும். கணக்கு இவ்வளவு பொருத்தமாக இன்னொரு தடவை அமையாது. இப்போது என்ன நடக்கிறது? ஓ.பி.ஜி. (மகப்பேறு) போஸ்டிங் லேபர் ரூமில், கம்யூனிட்டி போஸ்டிங் கிராமத்தில், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கிராமத்தில் வீடு வீடாகப் போய்ச் சார்ட் காட்டிவிட்டு வருகிறார்கள். அந்த வீட்டிலேயே ஒரு கர்ப்பிணி இருப்பார், அவருக்குப் பிரசவம் ஆகும்போது இந்தப் பிள்ளை மனநலப் போஸ்டிங்கில் இருப்பாள்.

முக்கியமான தடை வேறு இடத்தில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்: ஹாஸ்டல் கேட். ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகள் வெளியே போகக்கூடாது. பிரசவ வலி கேட் பூட்டும் நேரம் பார்த்து வருவதில்லை. பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு உங்களுக்கு உண்டு, புரிகிறது. ஆனால் இதே பிள்ளைகளைத்தான் படிப்பு முடிந்த அடுத்த வருடம் மலையடிவாரத்தில் நைட் டூட்டிக்குத் தனியாக அனுப்புகிறார்கள். மூன்று பெண்களுக்கு மூன்று இரவு. கல்லூரி வேன் ஒன்று, கூட ஒரு டியூட்டர். நிலையத்தில் ஓய்வறை இருக்கிறது. கேஸ் நடக்காமல் தவறிப்போனாலும் பரவாயில்லை, ஒரு பெண் எட்டு மணி நேரம் வலியில் இருப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

அப்புறம் அந்தக் கையெழுத்து விஷயம். கிராம சுகாதார நர்ஸ் அக்காவும் ஆரம்ப சுகாதார நிலைய ஸ்டாஃப் நர்ஸும் மாணவிக்குப் போடுகிற கையெழுத்தைக் கேஸ் புக்கில் ஏற்றுக்கொள்ளுங்கள். கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து தொடங்கி, குழந்தை பிறந்து இரண்டு மணி நேரம் வரை மாணவி கூடவே இருந்தால்தான் அது ஒரு கேஸ் என்று வையுங்கள். எண்ணிக்கை குறையும், நிச்சயமாகக் குறையும். குறையட்டும்.

சிலர் வேறு யோசனை சொல்கிறார்கள். நர்சிங் வேறு, மிட்வைஃபரி வேறு என்று பிரித்துவிடலாம், 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த பதினெட்டு மாதப் பயிற்சி போலத் தனி மிட்வைஃப்களை உருவாக்கலாம் என்று. அந்தப் பயிற்சி வரட்டும், நானே விண்ணப்பிப்பேன். ஆனால் பட்டப்படிப்பில் இரண்டையும் பிரிக்கக் கூடாது என்பது என் கருத்து. எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களைப் பாருங்கள். எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை 140 தாண்டுகிறவர்கள் வருகிறார்கள். ரத்தசோகையோடு மலையிறங்கி வருகிறவர்கள், ருமாட்டிக் இதயநோயை முதல் தடவையாகக் கர்ப்பத்தில்தான் தெரிந்துகொள்கிறவர்கள், டி.பி. மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள் இருக்கிறார்கள். இன்சுலின் போடத் தெரிந்த கையும் குழந்தையின் தலையைத் தாங்கத் தெரிந்த கையும் ஒன்றாக இருப்பதுதான் அவர்களுக்கு நல்லது. வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு அங்கே இரண்டும் தனித்தனிப் பதிவேடு, நம் மருத்துவச்சித் தகுதி தானாக ஏறாது. அது அவர்கள் பாடு. இங்கே இருக்கிறவர்களுக்காகத்தான் பேசுகிறேன்.

எங்கள் நிலையத்தில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கிளினிக். டாக்டரிடமும் கிராம சுகாதார நர்ஸ் அக்காவிடமும் பேசிவிட்டேன், மாணவிகள் வந்தால் இருவருக்கும் சந்தோஷம்தான். வருகிற செமஸ்டர் தொடக்கத்தில் ஏதாவது ஒரு கல்லூரி ஆறு பிள்ளைகளை அனுப்பிப் பாருங்கள். பதினெட்டுக் கர்ப்பிணிகளை நாங்கள் பிரித்துக் கொடுக்கிறோம், பதினெட்டுப் பேரிடமும் முதலில் சம்மதம் கேட்டுவிட்டு. காலை ஒன்பது மணிக்குள் வந்துவிட்டால் எடை பார்ப்பதிலிருந்தே கூட இருக்கலாம். வரும்போது வயிற்றுக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க ஆளுக்கொரு ஃபீட்டோஸ்கோப் கொண்டுவரச் சொல்லுங்கள், அதற்கான டாப்ளர் கருவியின் பேட்டரி அடிக்கடி தீர்ந்துவிடுகிறது, எங்களிடம் இருக்கும் ஃபீட்டோஸ்கோப் ஒன்றே ஒன்றுதான்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி,
ஸ்டாஃப் நர்ஸ், அணைக்கட்டு வட்டாரம், வேலூர் மாவட்டம்.